சாவி யாரிடம் இருக்கிறது? விண்டோஸ் 11, மேக்ஓஎஸ், லினக்ஸ் ஒப்பீடு

2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. 2016இல் நான் வாங்கிய மடிக்கணினி அன்றும் குறையின்றி ஓடிக்கொண்டிருந்தது. ஆறாம் தலைமுறை இன்டெல் பிராசஸர், எட்டு ஜிபி ரேம், இடையில் மாற்றிப் போட்ட எஸ்எஸ்டி என்று அன்றாட வேலைக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. ஆனால் விண்டோஸ் 11, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸர்களை, சில விதிவிலக்குகள் தவிர, அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் இருந்தாக வேண்டும் என்கிறது. 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட புதுப்பிப்புகளுக்குப் பதிவு செய்துகொள்ள வழி இருந்தது என்றாலும், ஓராண்டுத் தவணைக்காக அந்தச் சடங்கைச் செய்ய மனம் வராமல் அதில் லினக்ஸை நிறுவினேன். விண்டோஸ் 11 ஹோம் கொண்ட டெஸ்க்டாப் ஒன்றும், வண்ண மெய்ப்புப் பார்ப்பதற்காக வாங்கிய எம்1 மேக்புக் ஏர் ஒன்றும் ஏற்கெனவே மேசையில் இருந்தன. மொழிபெயர்ப்பு, மெய்ப்பு, பக்க வடிவமைப்பு ஆகிய என் அன்றாட வேலைகளை மூன்றிலும் மாறி மாறிச் செய்துவந்த இந்த மாதங்களில் தெரியவந்ததை இங்கே எழுதுகிறேன்.

இயங்குதளங்களை ஒப்பிடுகிறவர்கள் பாதுகாப்புக்கு ஒரு மதிப்பெண், தனிப்பயனாக்கத்துக்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியே போடுவது வழக்கம். எனக்கு அவை இரண்டும் ஒரே கேள்வியாகவே தோன்றுகின்றன. கணினியின் உள்ளமைப்பை மாற்றும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதே அந்தக் கேள்வி. நான் ஓர் அமைப்பை மாற்றுவதற்காகத் திறக்கும் அதே கதவின் வழியாகத்தான் தீநிரலும் (மால்வேர்) உள்ளே வருகிறது. நான் மாற்ற வேண்டியதை மாற்றவும் வேண்டும், என் பெயரில் ஓடுகிற மற்றவர்களுடைய நிரல்கள் அதே மாற்றத்தைச் செய்யாமலும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஓர் இயங்குதளம் எவ்வளவு தெளிவாகப் பிரித்துவைத்திருக்கிறது என்பதை வைத்தே நான் மதிப்பிடுகிறேன்.

அதற்கு முன்பு ஓர் எச்சரிக்கை. நம் ஊரில் விண்டோஸ் என்ற பெயரில் பலர் பயன்படுத்துவது மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் அல்ல. என் அக்கா வீட்டு டெஸ்க்டாப் மெதுவாகிவிட்டது என்று பார்க்கப் போனபோது இதை நேரிலேயே கண்டேன். ஒரு கடையில் பாகங்களைச் சேர்த்து வாங்கிய கணினி அது; விண்டோஸையும் அவர்களே போட்டுக் கொடுத்திருந்தார்கள். விண்டோஸோடு வரும் ஆன்ட்டிவைரஸான டிஃபெண்டரின் அமைப்புகளைத் திறந்து, சோதிக்காமல் விடவேண்டிய இடங்களின் பட்டியலைப் பார்த்தால், அதில் ஒரே ஒரு வரி இருந்தது: சி டிரைவ். முழு டிரைவையும் நச்சுநிரல் சோதனையிலிருந்து விலக்கிவைத்திருந்தார்கள். ஏனென்று கடைக்காரரிடம் கேட்டதற்கு, “இல்லன்னா ஆக்டிவேஷன் ஃபைலை அது தூக்கிடும் சார்” என்றார். உரிமம் வாங்காத விண்டோஸை வாங்கியதுபோலக் காட்டும் கள்ளக் கோப்பைத்தான் சொன்னார். பூட்டப்பட்ட வீட்டின் சாவியை வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போனதைப் போல, பச்சை நிறச் சரிக்குறியோடு டிஃபெண்டர் ஓடிக்கொண்டிருந்தது; அது எதையும் பார்க்கவில்லை என்பது மட்டும் அக்காவுக்குத் தெரியாது. இப்படிப்பட்ட கணினியை வைத்துக்கொண்டு விண்டோஸ் பாதுகாப்பற்றது என்று சொல்வது நியாயமாகாது. இங்கே நான் பேசுவது உரிமம் பெற்ற, ஒழுங்காகப் புதுப்பிக்கப்படும் விண்டோஸைப் பற்றி.

அப்படிப் பார்த்தால் விண்டோஸ் 11 பழைய அவப்பெயருக்கு உரியதல்ல. டிஃபெண்டர் இன்று தனியாகப் பணம் கொடுத்து வாங்கும் ஆன்ட்டிவைரஸ் எதுவும் தேவையில்லை என்று சொல்லுமளவுக்குத் தேறியிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பாதுகாப்புப் புதுப்பிப்புகளை வெளியிடும் வழக்கத்தை 2003 முதல் மைக்ரோசாஃப்ட் கடைப்பிடித்துவருகிறது. அவற்றை உடனே நிறுவுவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணயத்தொகை கேட்ட 2017 மே மாதத்து வானாக்ரை தாக்குதலே போதும்: அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வந்துவிட்டது. இரண்டு மாதம் சும்மா இருந்தவர்களும், புதுப்பிப்பே வராத பழைய பதிப்புகளை வைத்திருந்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். மீண்டும் தொடங்கச் சொல்லி விண்டோஸ் நச்சரிக்கிறது என்று நானும் எரிச்சல்பட்டவன்தான். வானாக்ரைக்குப் பிறகு அந்த எரிச்சலை அடக்கிக்கொள்ளக் கற்றுக்கொண்டேன்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. விண்டோஸை நிறுவும்போது உருவாகும் முதல் கணக்கு நிர்வாகிக் கணக்காகவே அமைகிறது. ஒரு நிரல் கணினியின் உள்ளமைப்பைத் தொட முயலும்போது திரை மங்கி ‘இந்தச் செயலியை அனுமதிக்கிறீர்களா’ என்று கேட்கிறது. ‘ஆம்’ என்ற பொத்தானை ஒருமுறை சொடுக்கினால் போதும், கடவுச்சொல் கேட்பதில்லை. ஒரு நாளைக்கு நான்கைந்து முறை சொடுக்கிப் பழகிய விரல், ஆறாவது முறை என்ன கேட்கப்படுகிறது என்பதைப் படிப்பதில்லை. மேக்கும் லினக்ஸும் அந்த இடத்தில் கடவுச்சொல்லையோ விரல்ரேகையையோ கேட்கின்றன. சிறிய வேறுபாடுதான்; ஆனால் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யும் அந்த மூன்று விநாடிகளில் மனிதன் கொஞ்சம் யோசிக்கிறான். விண்டோஸிலும் நிர்வாகிக்கு ஒரு கணக்கும் அன்றாட வேலைக்கு ஒரு சாதாரணக் கணக்கும் என்று பிரித்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். அதை இயல்பு அமைப்பாகவே கொடுத்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

இன்னொரு குறை, வெளியார் நிரல்களை, இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் இன்றுவரை அனுமதித்துவருவது. 2024 ஜூலை 19ஆம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான புதுப்பிப்பு, மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுத்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. காவலுக்கு வைத்த நிரலே கர்னலுக்குள் தடுக்கி விழுந்தது. அதே நிறுவனத்தின் மென்பொருளை நிறுவியிருந்த மேக் கணினிகளுக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. இப்படிப்பட்ட மென்பொருள்களைக் கர்னலுக்கு வெளியே இயங்கச் செய்யும் ஏற்பாட்டை ஆப்பிள் 2019லேயே கொண்டுவந்துவிட்டதும் அதற்கு ஒரு காரணம்.

வட்டில் உள்ளதைச் சாவியின்றிப் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் வட்டுக் குறியாக்கத்தில் விண்டோஸ் முன்னேறியிருக்கிறது. 2024இல் வந்த 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், வன்பொருள் ஒத்துழைக்கும் பட்சத்தில், வட்டு தானாகவே குறியாக்கம் செய்யப்படுகிறது. மீட்புச் சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படுகிறது. மடிக்கணினி திருடுபோனால் இது பெரிய காப்பு. அதே சமயம், கணக்கின் கடவுச்சொல்லை மறந்தவர், ஒரு பயாஸ் புதுப்பிப்புக்குப் பிறகு 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும் நீலத் திரையின் முன் விழிக்க வேண்டியிருக்கும். சாவியை இன்றே ஒரு காகிதத்தில் எழுதிவையுங்கள். நான் வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன்.

தனிப்பயனாக்கத்தில் விண்டோஸ் 11 பின்னோக்கி நடந்திருக்கிறது என்பதே என் மதிப்பீடு. விண்டோஸ் 95 முதல் பணிப்பட்டையைத் திரையின் நான்கு ஓரங்களில் எங்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள முடிந்தது. 2021இல் வந்த விண்டோஸ் 11 அதைக் கீழ் ஓரத்தில் ஆணியடித்துவிட்டது. என்னைப் போல நீண்ட பக்கங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பவர்களுக்குப் பணிப்பட்டை பக்கவாட்டில் இருப்பது எவ்வளவு வசதி என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஹோம் பதிப்பு நிறுவும்போதே மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கேட்கிறது. கணினியின் நுண்ணிய விதிகளான குழுக் கொள்கைகளைத் திருத்தும் வசதி ஹோம் பதிப்பில் இல்லை. தொடக்கப் பட்டியலில் நான் கேட்காத பரிந்துரைகள் வருகின்றன. இதையெல்லாம் சரிசெய்கிறேன் என்று இணையத்தில் ஏராளமான ‘சுத்தப்படுத்தும்’ நிரல்கள் கிடைக்கின்றன. பவர்ஷெல் என்னும் கட்டளைச் சாளரத்தை நிர்வாகியாகத் திறந்து, எங்கிருந்தோ ஒரு வரிக் கட்டளையை ஒட்டி என்டர் தட்டச் சொல்கிறார்கள். அந்த வரி இணையத்திலிருந்து எதை இறக்கி ஓட்டுகிறது என்பதைப் படித்துப் பார்ப்பவர்கள் மிகச் சிலர். அழகுக்கோ எரிச்சலுக்கோ மருந்து தேடப்போய், முழுக் கணினியின் சாவியையும் முகம் தெரியாதவரிடம் கொடுத்துவிடும் நிலைக்குப் பயனரைத் தள்ளுவது இயங்குதளத்தின் பிடிவாதம்தான் என்பேன்.

ரீகால் வசதியையும் இங்கே குறிப்பிட வேண்டும். திரையை அவ்வப்போது படமெடுத்துச் சேமித்துவைத்து, பின்னர் தேடித்தரும் இந்த வசதியை 2024 மே மாதம் அறிவித்தார்கள். சேமித்த விவரங்களை எளிதில் படித்துவிட முடிகிறது என்று ஆய்வாளர்கள் காட்டிய பிறகு வெளியீட்டைத் தள்ளிவைத்து, குறியாக்கத்தைச் சேர்த்து, பயனர் விரும்பி இயக்கினால் மட்டுமே இயங்கும்படி மாற்றி 2025இல் கோபைலட் பிளஸ் என்னும் செயற்கை நுண்ணறிவுக் கணினிகளுக்கு வெளியிட்டார்கள். திருத்திக்கொண்டது பாராட்டத்தக்கது. முதல் அறிவிப்பின்போதே இது தோன்றாமல் போனது எப்படி என்பது வேறு விஷயம்.

மேக்ஓஎஸ் இந்தக் கேள்விக்கு நேரெதிரான விடையைச் சொல்கிறது. 2015இல் எல் கேப்பிட்டன் பதிப்போடு வந்த சிஸ்டம் இன்டெக்ரிட்டி புரொடெக்ஷன், கணினியின் உச்ச அதிகாரம் பெற்ற ரூட் பயனரைக்கூட இயங்குதளத்தின் மையக் கோப்புகளைத் தொடவிடுவதில்லை. 2020இல் பிக் சர் வந்தபோது அந்தக் கோப்புகள் உள்ள பகுதி முழுவதும் முத்திரையிடப்பட்டது. ஒரு கோப்பு மாறினாலும் முத்திரை பொருந்தாது. இந்தக் காப்பை நீக்க வேண்டுமென்றால் கணினியை அணைத்து, மீட்பு நிலையில் தொடங்கி, அங்கே கட்டளை கொடுக்க வேண்டும். தூரத்திலிருந்து ஒரு தீநிரலால் அதைச் செய்ய முடியாது. ஒருவர் கணினியின் முன் உட்கார்ந்து பொத்தானை அழுத்தியாக வேண்டும். மாற்றும் கதவையும் அன்றாடக் கதவையும் பிரிப்பதற்கு இதைவிடத் தெளிவான வழியை நான் பார்த்ததில்லை.

ஒரு சிறிய சோதனை செய்து பார்த்தேன். ஆவணங்கள் கோப்புறையில் உள்ள கோப்புகளின் பெயர்களைப் படித்துக்காட்டும் நாலு வரி நிரல் ஒன்றை எழுதி மூன்று கணினிகளிலும் ஓட்டினேன். மேக்கில் உடனே ஒரு பெட்டி எழுந்து, உங்கள் ஆவணங்கள் கோப்புறையை டெர்மினல் (நிரலை ஓட்டிய கட்டளைச் சாளரம்) பார்க்க விரும்புகிறது, அனுமதிக்கலாமா என்று கேட்டது. மறுத்ததும் நிரல் வெறுங்கையோடு திரும்பியது. விண்டோஸில் கேள்வியே வரவில்லை. பட்டியல் அப்படியே வந்து விழுந்தது. கோப்புறைகளைக் காக்கும் கட்டுப்படுத்தப்பட்ட கோப்புறை அணுகல் என்ற வசதி அங்கே இருக்கிறது, ஆனால் இயல்பாக அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது. இயக்கினாலும் அது மாற்றங்களைத்தான் தடுக்குமே தவிர, படிப்பதைத் தடுக்காது. லினக்ஸிலும் கேள்வி வரவில்லை. பாதுகாப்புக்குப் பெயர்போன லினக்ஸ் இந்த இடத்தில் விண்டோஸோடு சமமாக நிற்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். என் பெயரில் ஓடும் எந்த நிரலும் என் வீட்டு அடைவில் (என் கோப்புகள் எல்லாம் இருக்கும் கோப்புறையில்) உள்ள எதையும் படிக்கலாம் என்பதே யூனிக்ஸ் காலத்து வழக்கம். ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலத்தில், ஒரு பயனரை இன்னொரு பயனரிடமிருந்து காப்பதே அன்றைய கவலையாக இருந்தது. இன்று என்னிடமிருந்தே, அதாவது நான் இறக்கிய நிரலிடமிருந்தே, என்னைக் காக்க வேண்டியிருக்கிறது.

ஆப்பிளின் காவல் அலுப்பூட்டவும் செய்கிறது. 2024இல் வந்த செக்கோயா பதிப்பில், ஆப்பிளின் சான்று பெறாத செயலியைக் கன்ட்ரோல் விசையோடு சொடுக்கித் திறக்கும் பழைய குறுக்குவழியை எடுத்துவிட்டார்கள். இப்போது அமைப்புகளுக்குள் சென்று, கீழே உருட்டி, ‘எப்படியும் திற’ என்பதைத் தேட வேண்டும். திரையைப் பதிவு செய்யும் செயலிகளுக்கு ஒருமுறை கொடுத்த அனுமதியை மாதந்தோறும் மீண்டும் கேட்கிறது. கேட்டுக்கொண்டே இருந்தால் பதிலும் இயந்திரமாகிவிடும் என்பது விண்டோஸின் ‘ஆம்’ பொத்தானில் ஏற்கெனவே பார்த்த பாடம்தானே. தவிர, இவ்வளவு பூட்டுகளுக்கு நடுவிலும் 2017 நவம்பரில் ஹை சியரா பதிப்பில் வெளிப்பட்ட பிழையை மறக்க முடியாது: பயனர் பெயராக ‘ரூட்’ என்று எழுதி, கடவுச்சொல்லை வெறுமையாக விட்டு, சில முறை சொடுக்கினால் உச்ச அதிகாரத்தோடு உள்ளே போய்விடலாம். மறுநாளே திருத்தம் வந்தது. மேக்குக்கு வைரஸே வராது என்று இன்னும் சொல்லித்திரிகிறவர்களுக்கு, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மேக்குகளைப் பிடித்த 2012ஆம் ஆண்டு ஃப்ளாஷ்பேக் தீநிரலையும் நினைவூட்டலாம்.

தனிப்பயனாக்கம் என்று மேக்கில் சொல்லிக்கொள்ள அதிகமில்லை. செயலிகளின் பட்டையான டாக்கை இடம், வலம், கீழ் என்று மூன்று ஓரங்களில் வைக்கலாம் (இதில் ஆப்பிள் விண்டோஸ் 11ஐ மிஞ்சிவிட்டது). சாளரத்தைத் திரையின் ஓரத்துக்கு இழுத்தால் பாதித் திரையில் பொருந்திக்கொள்ளும் வசதி விண்டோஸ் 7இல் 2009லேயே இருந்தது. மேக்குக்கு அது 2024இல்தான் வந்து சேர்ந்தது. 2025 செப்டம்பரில் வந்த டஹோ பதிப்பின் கண்ணாடித் தோற்றம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒளிபுகும் தன்மையைக் குறைக்கலாம். பழைய தோற்றத்துக்குத் திரும்ப முடியாது. சாளரங்களை முழுக்கத் தன் விருப்பப்படி அடுக்கும் சில செயலிகள் முழுத் திறனோடு இயங்க வேண்டுமென்றால், முன்பு சொன்ன அந்த மையக் காப்பை ஓரளவு தளர்த்தியாக வேண்டும். மேக்கில் அழகுக்குக் கொடுக்கும் விலை அது. நான் கொடுக்கவில்லை.

லினக்ஸ் என்று ஒருமையில் சொல்வதே பிழை; மின்ட், உபுண்டு, ஃபெடோரா என்று பல விநியோகங்களாக அது கிடைக்கிறது. பழைய மடிக்கணினியில் முதலில் லினக்ஸ் மின்ட் 22ஐ நிறுவினேன். உபுண்டு 24.04ஐ அடிப்படையாகக் கொண்டது. 2029 வரை புதுப்பிப்புகள் உண்டு. விண்டோஸிலிருந்து வருபவர்களுக்கு வீட்டுக்கு வந்ததைப் போல இருக்கும். நிறுவும்போது வட்டைக் குறியாக்கம் செய்யும் வாய்ப்பு மேம்பட்ட வசதிகள் என்ற பொத்தானுக்குள் ஒளிந்திருக்கிறது, தேடி எடுக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து அதை விட்டுவிட்டு கேடிஇ பிளாஸ்மா முகப்போடு வரும் ஃபெடோராவுக்கு மாறினேன். காரணம் தமிழ்த் தட்டச்சு.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாகத் தமிழில் எழுதியவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு தட்டச்சு மென்பொருளை நிறுவியவர்கள்தான். இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்றவை நமக்குச் செய்த உதவி பெரிது. ஆனால் அவை வேலை செய்யும் விதத்தை யோசித்துப் பாருங்கள்: நாம் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் இடைமறித்துப் பார்த்துத் தமிழெழுத்தாக மாற்றித் தருகின்றன. கடவுச்சொற்களைத் திருடும் தீநிரலும் அதே இடத்தில்தான் உட்காருகிறது. நல்லவர்கள் எழுதிய நிரல் என்பதால் தப்பித்தோம். போலி நகலை இறக்கியிருந்தால் வங்கிக் கடவுச்சொல்லும் போயிருக்கும். இன்று விண்டோஸ் 11இலும் மேக்கிலும் தமிழ் 99 விசைப்பலகை உள்ளமைந்தே கிடைக்கிறது என்பதால், வெளியிலிருந்து எதையும் நிறுவ வேண்டியதில்லை என்பது பாதுகாப்பு நோக்கில் பெரிய முன்னேற்றம். லினக்ஸில் ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவி வழியாகத் தமிழ் 99 கிடைக்கிறது. ஆனால் மின்ட்டின் சின்னமன் முகப்பு இயல்பாக இன்னும் எக்ஸ்11 என்னும் பழைய காட்சி அமைப்பின் மீதே ஓடுகிறது. அதில் ஒரு சாளரத்தில் நான் அழுத்தும் விசைகளை இன்னொரு நிரல் எந்த அனுமதியும் கேட்காமல் கவனித்துக்கொண்டிருக்கலாம். வேலண்ட் என்னும் புதிய அமைப்பில் அது முடியாது. விசைகள் நான் எழுதிக்கொண்டிருக்கும் சாளரத்துக்கும், நானே தேர்ந்தெடுத்த உள்ளீட்டு முறைக்கும் மட்டுமே போகும். ஃபெடோராவில் வேலண்ட்தான் இயல்பு. புதியவர்களுக்கு மின்ட்டைப் பரிந்துரைக்கும் நண்பர்கள் இதைச் சொல்வதில்லை.

லினக்ஸின் பாதுகாப்பில் பெரும்பங்கு, மென்பொருளை எங்கிருந்து பெறுகிறோம் என்பதில் இருக்கிறது. விண்டோஸில் ஒரு பிடிஎஃப் கருவி வேண்டுமென்றால் தேடுபொறியில் தேடி, மூன்று போலிப் பதிவிறக்கப் பொத்தான்களைத் தாண்டி, உண்மையானதைச் சொடுக்க வேண்டும். லினக்ஸில் விநியோகத்தின் களஞ்சியத்திலிருந்து, கையொப்பம் சரிபார்க்கப்பட்டு வந்துவிடுகிறது. புதுப்பிப்பும் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில். ஃபெடோராவில் எஸ்இலினக்ஸும் உபுண்டுவில் ஆப்ஆர்மரும் நிரல்களுக்குக் கூடுதல் வேலி போடுகின்றன. செயலிகளைத் தனிப் பெட்டிக்குள் அடைத்து ஓட்டும் ஃபிளாட்பேக் வழியாக நிறுவிய செயலிகளுக்கு, எந்தக் கோப்புறையைப் பார்க்கலாம் என்று தனித்தனியே வரையறுக்கலாம். என் நாலு வரி நிரலை அப்படி அனுமதி கொடுக்காத ஃபிளாட்பேக் பெட்டிக்குள் ஓட்டியபோது, ஆவணங்கள் கோப்புறையையே அதனால் பார்க்க முடியவில்லை. ஆனால் பல செயலிகள் வரும்போதே முழு வீட்டு அடைவுக்கும் அனுமதி பெற்றுக்கொண்டு வருகின்றன. அதைக் கவனித்துக் குறைப்பது நம் பொறுப்பு.

எல்லோரும் படிக்கக்கூடிய மூலநிரல் என்பதால் பிழை ஒளிந்திருக்க முடியாது என்ற வாதத்தை நான் அப்படியே ஏற்பதில்லை. 2022 ஜனவரியில் வெளிப்பட்ட பிவன்கிட் ஓட்டை, சாதாரணப் பயனரை ரூட்டாக மாற்றக்கூடியது. 2009 முதல் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் எல்லோர் கண்ணெதிரே இருந்தது. 2024 மார்ச்சில் நடந்த எக்ஸ்இசட் விவகாரம் இன்னும் நுட்பமானது. ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர், கோப்புகளைச் சுருக்கும் சிறிய திட்டம் ஒன்றில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையாக உதவி, பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, பின்னர் தொலைநுழைவுக்கான கள்ளவழியை அதில் புதைத்தார். பரவலாகப் பயன்படும் நிலைப் பதிப்புகளை அது எட்டுவதற்குச் சற்று முன்பு ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். அவர் ஓட்டையைத் தேடிப் போகவில்லை. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவது ஏன் என்று நோண்டினார். அந்த மூலநிரலும் கட்டமைப்பும் திறந்திருந்ததால்தான் அவரால் கடைசிவரை நோண்ட முடிந்தது என்பதும் உண்மை. அந்த அரை விநாடியைப் பொருட்படுத்தும் ஒருவர் தற்செயலாக அங்கே இருந்தார் என்பதும் உண்மை. ஃப்ராய்ண்ட் மைக்ரோசாஃப்டின் ஊழியர் என்பது இந்தக் கதையின் இனிமையான துணுக்கு.

தனிப்பயனாக்கத்தில் பிளாஸ்மாவுக்கு இணையே இல்லை. பணிப்பட்டையைப் பக்கவாட்டில் வைத்தேன். இரண்டாவது திரைக்கு வேறொரு பட்டை. கேப்ஸ்லாக் விசையைத் தமிழ்-ஆங்கிலம் மாற்றும் விசையாக்கினேன். எனக்கு அதிக மகிழ்ச்சி தந்தது எழுத்துரு. விண்டோஸ், இடைமுகத்திலும் கோப்புப் பெயர்களிலும் தமிழை நிர்மலா எழுத்துருவில் காட்டுகிறது. மாற்ற வேண்டுமென்றால் விண்டோஸின் உள் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைக்க வேண்டும். ஆப்பிள் தான் தேர்ந்ததைக் காட்டுகிறது, அமைப்புகளில் பேச்சுக்கே இடமில்லை. லினக்ஸில் என் வீட்டு அடைவில் பத்து வரியில் ஓர் எழுத்துரு அமைப்புக் கோப்பை எழுதி, தமிழ் எங்கு வந்தாலும் நோட்டோ செரிஃப் தமிழில் காட்டு என்று சொன்னேன். கோப்பு மேலாளர், மின்னஞ்சல், உலாவி என்று எல்லா இடத்திலும் ழகரம் என் கண்ணுக்கு இதமான வளைவோடு வந்து நின்றது. இதற்கு நிர்வாகி உரிமை தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். என் கணக்குக்குள் மட்டும் அடங்கிய மாற்றம். பிடிக்காவிட்டால் கோப்பை நீக்கிவிட்டால் முடிந்தது. பாதுகாப்பும் தனிப்பயனாக்கமும் மோதாமல் இருக்க முடியும் என்பதற்கு இதையே சான்றாகச் சொல்வேன்.

மோதும் இடமும் அதே பிளாஸ்மாவில் உண்டு. 2024 மார்ச்சில் ஒரு பயனர், தோற்றத்தை மாற்றும் கருப்பொருள் ஒன்றை அமைப்புகளுக்குள்ளிருந்தே இறக்கி நிறுவினார். அதற்குள் இருந்த நிரல்வரி அவருடைய கோப்புகளை அழித்துவிட்டது. கெட்ட நோக்கம் இல்லை, எழுதியவரின் கவனக்குறைவு. வண்ணமும் படமும் மட்டுமே என்று நாம் நினைக்கும் கருப்பொருள், பிளாஸ்மாவில் நிரல்களையும் ஓட்டக்கூடியது என்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. அதன் பிறகு நான் வண்ணத் தொகுப்புகளையும் ஐகான்களையும் மட்டுமே வெளியிலிருந்து எடுக்கிறேன். முழுக் கருப்பொருள்களைத் தொடுவதில்லை.

பாதுகாப்பே முதன்மை என்பவர்களுக்கு க்யூப்ஸ் இயங்குதளம் இருக்கிறது: வங்கிக்கு ஓர் அறை, வேலைக்கு ஓர் அறை, தெரியாத கோப்பைத் திறக்க ஒரு தற்காலிக அறை என்று ஸென் மெய்நிகராக்கத்தின் மேல் தனித்தனிக் கணினிகளாகப் பிரித்து, சாளரங்களுக்கு நிற விளிம்பிட்டுக் காட்டுகிறது. 16 ஜிபி ரேம் பரிந்துரைக்கிறார்கள். என் பழைய மடிக்கணினி அதற்குத் தாங்காது. உலாவி மட்டுமே போதும் என்பவர்களுக்குக் குரோம்ஓஎஸ் பொருந்தும். மாற்றிக்கொள்ள எதுவும் இல்லாததால் கெடுத்துக்கொள்ளவும் அதிகமில்லை.

என் தேர்வு இது. எழுத்து வேலைகளையும் வங்கி வேலைகளையும் ஃபெடோராவில் செய்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 13 மாத ஆதரவு என்பதால் ஆண்டுக்கு ஒருமுறையாவது பதிப்பேற்றம் செய்தாக வேண்டும். அதற்கு அலுத்துக்கொள்பவர்கள் உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பை எடுக்கலாம், அதிலும் வேலண்ட் உண்டு. கணினியைப் பற்றி யோசிக்கவே விரும்பாத, விலையைக் கொடுக்கக்கூடியவர்களுக்கு மேக். விண்டோஸை நான் விடமுடியாமல் இருப்பதற்குக் காரணம் பேஜ்மேக்கர் 7.0. 2001இல் வந்து எப்போதோ நிறுத்தப்பட்ட அந்த மென்பொருளில்தான், யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில், இரண்டு அச்சகங்கள் இன்னும் எனக்குக் கோப்புகளை அனுப்புகின்றன. அந்தக் கணினிக்கு இணையத்தைத் துண்டித்துவைத்து, மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்புக்கு மட்டும் இணைக்கிறேன்.

அக்காவுக்குக் கணக்கு மென்பொருள் தேவை என்பதால் விண்டோஸ்தான் சரி என்று முடிவு செய்து, பழையதை முற்றிலும் அழித்து, உரிமம் வாங்கி நிறுவிக்கொடுத்தேன். நிர்வாகிக் கணக்கைத் தனியாக வைத்து, அக்காவுக்கும் மருமகனுக்கும் சாதாரணக் கணக்குகளைக் கொடுத்தேன். நிர்வாகியின் கடவுச்சொல் ஓர் உறையில், அக்காவின் பீரோவில் இருக்கிறது. ஏதோ விளையாட்டுக்கு மோட் போட வேண்டுமாம், கடவுச்சொல் கேட்கிறதாம். இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக மருமகன் அழைத்திருக்கிறான். “அம்மாவிடம் கேள்” என்று சொல்லியிருக்கிறேன்.